ராம்சி லூயிஸும் வானொலியில் ஸ்மூத் ஜாஸும்

ராம்சி லூயிஸ் (மே 27, 1935 – செப்டம்பர் 12, 2022) அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர், இசையமைப்பாளர், வானொலித் தொகுப்பாளர். சிகாகோ நகரில் பிறந்து அங்கேயே வாழ்ந்து மறைந்தவர். 1965-இல் வெளிவந்த 'தி இன் க்ரவுட்' என்ற இசைத்தட்டால் உலகப் புகழ் பெற்றார். ஐம்பது வயதைக் கடந்தபின் வானொலி ஒலிவாங்கியின் முன் அமர்ந்தார். சிகாகோவின் டபிள்யூஎன்யூஏ 95.5 பண்பலை நிலையத்தில் காலை நிகழ்ச்சியை நடத்தி, ஸ்மூத் ஜாஸ் எனப்படும் இசைவகையை வீடுகளுக்கும் கார்களுக்கும் கொண்டு சேர்த்தார். 2009-இல் அந்த நிலையம் தன் இசைவகையை மாற்றியபோது அவருடைய காலை நிகழ்ச்சியும் முடிவுக்கு வந்தது.

அவருடைய வானொலிப் பணியையும், ஸ்மூத் ஜாஸ் ஒலிபரப்பு எழுந்து தாழ்ந்த கதையையும் இக்கட்டுரை சேர்த்தே கூறுகிறது. ஒன்றை விட்டு மற்றொன்றைப் புரிந்துகொள்வது கடினம்.

ஸ்மூத் ஜாஸ் என்றால் என்ன?

ஜாஸ் இசை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்களிடையே உருவானது. அதன் உயிர்நாடி மனோதர்மம். ஒரு மெட்டை முதலில் குழுவாக வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொரு கலைஞரும் அந்த மெட்டின் அடித்தளத்தின் மேல் தம் கற்பனைக்கு ஏற்ப அந்தக் கணத்தில் தோன்றுவதை வாசிப்பார். இறுதியில் மீண்டும் மெட்டுக்குத் திரும்புவார்கள். கருநாடக இசைக் கச்சேரியில் கீர்த்தனையைப் பாடிவிட்டு நிரவல், கற்பனாஸ்வரம் என்று விரித்துச் சென்று மீண்டும் பல்லவிக்கு வந்து சேர்வதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். இரண்டும் வேறு வேறு இசைகள். ஆனால் கேட்பவர் காத்திருப்பது இரண்டிலும் அந்த விரிவுக்காகத்தான்.

ஸ்மூத் ஜாஸில் இந்த விரிவு குறைவு. மெட்டு முன்னே நிற்கும். சாக்ஸபோனோ கிதாரோ அந்த மெட்டை ஒரு பாடகரைப்போல் பாடிக்கொண்டு போகும். தாளம் சீரானது, வேகம் மிதமானது. ஒலி வழவழப்பாக இருக்கும்; பெயரும் அதைத்தான் சொல்கிறது. ரிதம் அண்ட் புளூஸ், பாப் ஆகிய இசைகளின் சாயல் நிறைய உண்டு. கேட்பதற்கு முன்பயிற்சி ஏதும் தேவையில்லை. அதன் வலிமையும் அதுதான். அதன் மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டும் அதுதான்.

இதன் வேர்களை 1960களில் காணலாம். தயாரிப்பாளர் கிரீட் டெய்லர், கிதார் கலைஞர் வெஸ் மான்ட்கோமரியைக் கொண்டு 1967-இல் வெளியிட்ட 'எ டே இன் தி லைஃப்' இசைத்தட்டு, ஜாஸ் கலைஞர் ஒருவர் அன்றைய பாப் மெட்டுகளை மென்மையான பின்னணியுடன் வாசிக்கும் முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு. 1976-இல் ஜார்ஜ் பென்சனின் 'ப்ரீசின்' பில்போர்டு இசைத்தட்டுப் பட்டியலில் முதலிடம் பெற்றது. 1980-இல் குரோவர் வாஷிங்டன் ஜூனியரின் 'வைன்லைட்' வந்தது. 1987-இல் கென்னி ஜி வாசித்த 'சாங்பேர்ட்' பில்போர்டு பாடல் பட்டியலில் நான்காம் இடம்வரை ஏறியது. பாடும் குரலே இல்லாத ஒரு சாக்ஸபோன் இசை அந்த இடத்தை அடைவது அரிது.

இளமை

லூயிஸின் தந்தை தேவாலயப் பாடகர் குழுவை நடத்தியவர். டியூக் எலிங்டன், ஆர்ட் டேட்டம் போன்றோரின் இசைத்தட்டுகளை விரும்பிக் கேட்டவர். குடும்பம் சிகாகோவின் கப்ரினி குடியிருப்பில் வசித்தது. நான்கு வயதில் லூயிஸ் பியானோ கற்கத் தொடங்கினார். ஒன்பது வயதளவில் தேவாலயத்தில் வாசித்தார். மேற்கத்தியச் செவ்விசையை முறையாகக் கற்றார். அவருடைய வாசிப்பில் தேவாலயத்தின் உருக்கமும் செவ்விசையின் ஒழுங்கும் கடைசிவரை சேர்ந்தே இருந்தன.

பதினைந்து வயதில் 'தி கிளெஃப்ஸ்' என்ற நடனக் குழுவில் சேர்ந்தார். அதிலிருந்து பிரிந்த மூவர், அதாவது பியானோவில் லூயிஸ், பாஸ் வாத்தியத்தில் எல்டீ யங், டிரம்ஸில் ரெட் ஹோல்ட் ஆகியோர், 'ராம்சி லூயிஸ் ட்ரியோ' ஆயினர்.

வழி திறந்த வானொலிக் குரல்

இந்த மூவரையும் வெளியுலகுக்குக் கொண்டு வந்ததில் ஒரு வானொலித் தொகுப்பாளருக்குப் பெரும்பங்கு உண்டு. அவர் டாடி-ஓ டெய்லி. சிகாகோ வானொலியில் ஜாஸ் இசைத்தட்டுகளை எதுகை மோனையோடு அறிமுகப்படுத்திய புகழ்பெற்ற கறுப்பினத் தொகுப்பாளர். இளைஞர்களின் வாசிப்பைக் கேட்டு, செஸ் இசைத்தட்டு நிறுவனத்தாரிடம் அவர்களை அனுப்பி வைத்தவர் அவரே. அந்நிறுவனத்தின் ஆர்கோ என்ற பிரிவில் 1956-இல் அவர்களுடைய முதல் இசைத்தட்டு பதிவானது.

அன்று வானொலித் தொகுப்பாளரின் இடம் எத்தகையது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். இசைத்தட்டைத் தேர்ந்தெடுப்பவர் அவர். அதைப் பற்றிப் பேசுபவர் அவர். எந்த இளைஞனுக்குத் திறமை இருக்கிறது என்று ஊருக்குச் சொல்பவரும் அவர். லூயிஸ் பின்னாளில் வானொலிக்கு வந்தபோது, தனக்கு ஒரு காலத்தில் கதவைத் திறந்துவிட்ட அந்த இருக்கையில்தான் வந்து அமர்ந்தார்.

'தி இன் க்ரவுட்'

1965 மே மாதம் வாஷிங்டன் நகரின் போஹீமியன் கேவர்ன்ஸ் என்ற இசையரங்கில் மூவரும் வாசித்துக்கொண்டிருந்தனர். நேரடிப் பதிவுக்கு இன்னும் ஒரு பாட்டு தேவைப்பட்டது. ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அங்கே பரிமாறிய பெண், டோபி கிரே பாடியிருந்த 'தி இன் க்ரவுட்' பாட்டைக் காசுபோட்டால் பாடும் இசைப்பெட்டியில் ஒலிக்கச் செய்தார். அவர்கள் அதை எடுத்துக்கொண்டனர்.

அரங்கில் அந்த மெட்டைத் தொடங்கியதும் மக்கள் கைதட்டத் தொடங்கினர். அந்தக் கைதட்டலும் ஆரவாரமும் பதிவிலேயே இருக்கின்றன. பில்போர்டு பாடல் பட்டியலில் அது ஐந்தாம் இடத்தைப் பெற்றது. லூயிஸுக்கு முதல் கிராமி விருதும் கிடைத்தது. பின்னர் மேலும் இரண்டு கிராமி விருதுகளைப் பெற்றார்.

புகழோடு கேள்வியும் வந்தது. மக்கள் பாட்டைப் பியானோவில் வாசிப்பது ஜாஸ் ஆகுமா? விமரிசகர்களில் ஒரு பகுதியினர் அவரை வணிக இசைக்காரர் என்றே எழுதினர். ஸ்மூத் ஜாஸ் என்ற சொல்லே பிறக்காத காலத்தில், அதன் மேல் பின்னாளில் வைக்கப்பட்ட குற்றச்சாட்டை லூயிஸ் எதிர்கொண்டார் என்று சொல்லலாம்.

1966-இல் யங்கும் ஹோல்ட்டும் பிரிந்து சென்றனர். டிரம்ஸுக்கு மாரிஸ் வைட் என்ற இளைஞர் வந்தார். சில ஆண்டுகளுக்குப் பின் அவர் விலகி 'எர்த், விண்ட் அண்ட் ஃபயர்' குழுவைத் தொடங்கினார். 1974-இல் லூயிஸுடன் மீண்டும் சேர்ந்து 'சன் காடஸ்' இசைத்தட்டை உருவாக்கினார். மின்பியானோ ஒலிக்கும் அந்த இசைத்தட்டு, ஜாஸும் மக்கள் இசையும் கலந்த வகைக்கு முக்கியமான எடுத்துக்காட்டு.

ஸ்மூத் ஜாஸ் நிலையங்களின் பிறப்பு

இசை முன்பே இருந்தது. அதற்கென்று வானொலி பின்னரே வந்தது. முன்னோடியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 1976-இல் வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் வானொலியில் 'குவயட் ஸ்டார்ம்' என்ற இரவு நிகழ்ச்சி தொடங்கியது. மென்மையான காதல் பாட்டுகளைத் தொடர்ந்து ஒலிபரப்பும் இந்த முறை பல நகரங்களுக்குப் பரவியது. இரவில் அமைதியான இசையை நாடும் பெரியவர்கள் ஏராளம் என்பதை வானொலித் துறை இதன்வழி அறிந்தது.

1987 பிப்ரவரி 14 அன்று லாஸ் ஏஞ்சலஸில் கேடிடபிள்யூவி என்ற நிலையம் 'தி வேவ்' என்ற பெயருடன் புதிய ஒலிபரப்பைத் தொடங்கியது. அதுவரை அந்த அலைவரிசையில் ராக் இசை ஒலித்தது. புதிய நிலையத்தில் மென்மையான ஜாஸும் நியூ ஏஜ் எனப்படும் தியான வகை இசையும் ஒலித்தன. தொடக்கத்தில் தொகுப்பாளர்களே இல்லை. பாட்டுக்குப் பின் பாட்டு வரும், அவ்வளவுதான்.

இதில் ஒரு சிக்கல் எழுந்தது. பாடகர் பாடும் பாட்டென்றால் முதல் அடியை நினைவில் வைத்துக்கொண்டு கடையில் போய்க் கேட்கலாம். சொல்லே இல்லாத கருவியிசையின் பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது? வாசித்தவர் யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒருவர் சொன்னால்தான் உண்டு. ஆகவே தொகுப்பாளர்கள் விரைவிலேயே திரும்பி வந்தார்கள். வேறெந்த இசைவகையையும்விட ஸ்மூத் ஜாஸுக்குப் பேசும் குரல் தேவைப்பட்டதன் காரணம் இதுவே.

அதே 1987 ஆகஸ்டில் சிகாகோவில் டபிள்யூஎன்யூஏ இந்த வழிக்கு வந்தது. சான் பிரான்சிஸ்கோ, நியூயார்க் ஆகிய நகரங்களும் சேர்ந்துகொண்டன. நேயர்களை ஓர் அறையில் அமர்த்தி, பாட்டுகளின் சிறு பகுதிகளை ஒலிக்கவிட்டு, பிடித்திருக்கிறதா இல்லையா என்று குறிக்கச் செய்யும் ஆய்வுகள் நடந்தன. 'ஸ்மூத் ஜாஸ்' என்ற பெயரே இப்படியோர் ஆய்வில் கலந்துகொண்ட நேயர் வாயிலிருந்து வந்தது என்று கூறப்படுகிறது.

இந்த ஆய்வுகளால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. நேயர்களுக்கு எது இதமாக இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரிந்தது. ஆனால் அறையில் இருந்த பெரும்பாலோருக்குப் பழகாத எந்த இசையும் பட்டியலிலிருந்து நீங்கியது. நீண்ட தனிவாசிப்புகள் வெட்டப்பட்டன. பட்டியல் சிறுத்தது. ஒரே பாட்டுகள் திரும்பத் திரும்ப வந்தன.

ஒலிவாங்கியின் முன் லூயிஸ்

1990-இல் 'லெஜண்ட்ஸ் ஆஃப் ஜாஸ்' என்ற வாராந்தர நிகழ்ச்சி தொடங்கியது. லூயிஸ் தொகுத்து வழங்கிய இது பல நகரங்களின் நிலையங்களுக்கும் அனுப்பப்பட்டது. பின்னர் டபிள்யூஎன்யூஏவின் காலை நிகழ்ச்சிக்கும் அவர் பொறுப்பேற்றார். இறுதிக் காலத்தில் அந்தக் காலை நிகழ்ச்சி, ஸ்மூத் ஜாஸ் நிலையங்களின் வலையமைப்பு வழியாக வேறு நகரங்களிலும் ஒலித்தது.

வானொலியில் காலை நேரம் விலைமதிப்புள்ளது. மக்கள் எழுந்து, புறப்பட்டு, வண்டியோட்டிக்கொண்டு வேலைக்குச் செல்லும் நேரம். பெரும்பாலான நிலையங்கள் அந்த நேரத்தை நகைச்சுவைக்கும் அரட்டைக்கும் கொடுத்தன. அங்கே நிதானமாகப் பேசும் ஒரு பியானோ கலைஞரை உட்கார வைத்தது துணிச்சலான ஏற்பாடு.

லூயிஸுக்கு மற்றத் தொகுப்பாளர்களிடம் இல்லாத ஒன்று இருந்தது. அவர் அறிமுகம் செய்யும் கலைஞர்கள் பலரை நேரில் அறிந்தவர், பலருடன் மேடையேறியவர். ஒரு மெட்டை ஏன் இப்படித் தொடங்கினார்கள், தாளம் எங்கே மாறுகிறது என்பதை விரலால் அறிந்தவர். இசைத்தட்டின் உறையைப் பார்த்துப் படிக்கும் தகவல் வேறு, வாசித்த கை சொல்லும் தகவல் வேறு. சொற்களில்லாத இசைக்கு அவர் சொற்களைக் கொடுத்தார்.

காலையில் இதமான இசை, வார நிகழ்ச்சியில் ஜாஸ் மேதைகள் என்ற இந்த இரட்டை ஏற்பாட்டை ஒரு நல்ல ஆசிரியரின் பாடத்திட்டத்தோடு ஒப்பிடலாம். எளியதில் தொடங்கி அரியதற்கு அழைத்துச் செல்வதே அந்த முறை. ஸ்மூத் ஜாஸ் கேட்டு உள்ளே வந்தவர் அங்கேயே நின்றுவிட வேண்டும் என்பதில்லை; பின்னால் இன்னும் பெரிய வீடு இருக்கிறது.

தொலைக்காட்சியில் இந்த நோக்கம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 2006-இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் 'லெஜண்ட்ஸ் ஆஃப் ஜாஸ்' 13 பகுதிகளாக ஒளிபரப்பானது. ஒரு பகுதியில் சாக்ஸபோன் கலைஞர்கள் ஃபில் வுட்ஸையும் டேவிட் சான்போர்னையும் லூயிஸ் ஒன்றாக அமர்த்தினார். வுட்ஸ் மரபான பீபாப் வழியில் வந்தவர். சான்போர்னின் இசை ஸ்மூத் ஜாஸ் நிலையங்களில் நாள்தோறும் ஒலித்தது. மற்றொரு பகுதியில் மூத்த எக்காளக் கலைஞர் கிளார்க் டெர்ரியோடு ராய் ஹார்க்ரோவும் மென்மையான வாசிப்புக்குப் பெயர்பெற்ற கிறிஸ் போட்டியும் அமர்ந்தனர். இரு முகாம்களாகப் பார்க்கப்பட்டவர்களை ஒரே மேடையில் வாசிக்க வைத்து, பேச்சில் தீராத விவாதத்துக்கு இசையால் விடை சொன்னார் லூயிஸ்.

எதிர்ப்பு

ஸ்மூத் ஜாஸ் மீது ஜாஸ் உலகில் கடும் எதிர்ப்பு இருந்தது. 1999-இல் கென்னி ஜி, மறைந்த மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கின் பழைய பதிவு ஒன்றின் மேல் தம் சாக்ஸபோனைச் சேர்த்து வெளியிட்டார். கிதார் கலைஞர் பாட் மெத்தனி இதை மிகக் கடுமையாகக் கண்டித்தார். அந்தக் கண்டனம் பரவலாகப் பேசப்பட்டது.

எதிர்ப்பாளர்களின் வாதத்தில் நியாயம் உண்டு. மனோதர்மத்தை எடுத்துவிட்டால் ஜாஸில் மிச்சமிருப்பது என்ன? பின்னணியில் ஒலித்து மறையும் இசையை, உயிரைக் கொடுத்து வாசித்தவர்களின் பெயரால் அழைக்கலாமா? மறுபக்கத்திலும் நியாயம் உண்டு. 1980களில் பெருநகரங்களின் வணிக வானொலியில் ஜாஸுக்கு இடம் மிகவும் சுருங்கியிருந்தது. ஸ்மூத் ஜாஸ் நிலையங்கள் சாக்ஸபோனையும் பியானோவையும் மீண்டும் அந்த அலைவரிசைகளுக்குக் கொண்டு வந்தன. கலைஞர்களுக்குக் கச்சேரிகள் கிடைத்தன. இசைத்தட்டுகள் விற்றன. லூயிஸ் இரு பக்கத்தையும் அறிந்தவர். அவரைப் புறக்கணித்த விமரிசகர்களும் இருந்தனர். கைதட்டிய மக்களும் இருந்தனர்.

வீழ்ச்சி

ஸ்மூத் ஜாஸ் நிலையங்கள் சில ஆண்டுகளுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. நியூயார்க்கின் டபிள்யூக்யூசிடி 2008 பிப்ரவரியில் ராக் இசைக்கு மாறியது. 2009 மே மாதத்தில் சான் பிரான்சிஸ்கோவின் கேகேஎஸ்எஃப் மாறியது. அதே மாதம் 22ஆம் தேதி டபிள்யூஎன்யூஏ ஸ்பானிய மொழி நிலையம் ஆனது. லூயிஸின் காலை நிகழ்ச்சி அன்றோடு நின்றது.

இதற்குக் காரணங்கள் பல.

முதலாவது, நேயர்களை எண்ணும் முறை மாறியது. அதுவரை ஆர்பிட்ரான் நிறுவனம் தேர்ந்தெடுத்த வீடுகளுக்குக் குறிப்பேடு அனுப்பும். எந்த நிலையத்தை எப்போது கேட்டோம் என்று மக்கள் ஒரு வாரம் எழுதி அனுப்புவார்கள். விருப்பமான நிலையத்தின் பெயர் தாராளமாக இடம்பெறும். 2007 முதல் பெரிய நகரங்களில் இடுப்பில் அணியும் சிறு கருவி வந்தது. ஒலிபரப்பில் காதுக்குக் கேட்காதபடி கலந்திருக்கும் குறியீட்டை அது பதிவு செய்யும். நினைவிலிருந்து எழுதிய கணக்கு போய், காதருகே ஒலித்ததன் கணக்கு வந்தது. ஸ்மூத் ஜாஸ் நிலையங்கள் பலவற்றின் எண்ணிக்கை சரிந்தது. மென்மையான இசையில் அந்தக் குறியீடு சரியாகப் பதிவதில்லை என்று வானொலித் துறையில் சிலர் வாதிட்டனர்.

இரண்டாவது, உரிமை குவிந்தது. 1996-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், ஒரே நிறுவனம் நாடு முழுவதும் இத்தனை நிலையங்கள்தான் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பை நீக்கியது. அதன்பின் கிளியர் சேனல் நிறுவனம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களை வாங்கிச் சேர்த்தது. டபிள்யூஎன்யூஏவும் கேகேஎஸ்எஃபும் அவற்றில் அடங்கும். முடிவெடுப்பவர்கள் ஊரில் இல்லை. ஓரிடத்தில் எடுக்கும் முடிவு பல நகரங்களில் ஒரே நேரத்தில் நடைமுறைக்கு வந்தது.

மூன்றாவது, 2008-இல் தொடங்கிய பொருளாதார நெருக்கடி. விளம்பர வருவாய் விழுந்தது. முதிர்ந்த வயதினரைக் கவரும் நிலையங்களை விளம்பரதாரர்கள் முதலில் கைவிட்டனர்.

நான்காவது காரணம் உள்ளேயே இருந்தது. எவரையும் உறுத்தாத பாட்டுகளையே தேர்ந்தெடுத்துக்கொண்டு போனால், எவரும் ஓடிவந்து காப்பாற்றும் அளவுக்கு நேசிப்பதும் குறைந்துவிடும். இதமாக இருப்பதும் இன்றியமையாததாக இருப்பதும் வேறு வேறு.

பிற்காலப் பணிகள்

லூயிஸின் இசைப்பணி நிலையத்தோடு நின்றுவிடவில்லை. 2007-இல் அமெரிக்காவில் ஜாஸ் கலைக்கு அளிக்கப்படும் மிக உயர்ந்த மதிப்பான தேசியக் கலை நல்கையின் 'ஜாஸ் மாஸ்டர்' பட்டம் அவருக்குக் கிடைத்தது. வணிக இசைக்காரர் என்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்டவருக்கு அது பொருள் நிறைந்த அங்கீகாரம். சிகாகோ அருகே நடைபெறும் ரவினியா இசைவிழாவின் ஜாஸ் பிரிவுக்கு நெடுங்காலம் கலை இயக்குநராக இருந்தார். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஜாஸ் கலைஞர்கள் வழிகாட்டும் திட்டத்துக்கும் அங்கே துணை நின்றார். ஆபிரகாம் லிங்கனின் இருநூறாவது பிறந்த ஆண்டையொட்டி 2009-இல் 'புரோக்ளமேஷன் ஆஃப் ஹோப்' என்ற பெரிய இசைப்படைப்பை உருவாக்கினார். நிலையம் மாறிய அதே ஆண்டு அது.

2020-இல் பெருந்தொற்றால் அரங்குகள் மூடியிருந்தபோது, 85 வயதில், வீட்டிலிருந்தே இணையம் வழியாக வாசித்தார். 2022 செப்டம்பர் 12 அன்று சிகாகோவில் தம் இல்லத்தில் காலமானார். அவருடைய தன்வரலாறு மறைவுக்குப் பின் 2023-இல் நூலாக வெளிவந்தது.

மதிப்பீடு

ஸ்மூத் ஜாஸ் இன்றும் இருக்கிறது. செயற்கைக்கோள் வானொலியில் அதற்கெனத் தனி அலைவரிசை உண்டு. இணையத்தில் எந்நேரமும் கேட்கலாம். சாக்ஸபோன் கலைஞர் டேவ் கோஸ் போன்றோர் வானொலி நிகழ்ச்சிகளையும் கடற்பயண இசைவிழாக்களையும் நடத்துகின்றனர். கேட்கும் வழிகள் குறையவில்லை. குறைந்தது, காலையில் ஊர் முழுவதற்கும் ஒரே நேரத்தில் ஒலித்து, இதை வாசித்தவர் இன்னார், இவரிடம் கற்றவர் இன்னார், அடுத்து இவரைக் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லும் குரல்.

இணையம் ஒரு பாட்டுக்குப் பின் அதே சாயலில் இன்னொரு பாட்டைத் தருகிறது. டாடி-ஓ டெய்லி ஊரறியாத மூன்று இளைஞர்களைக் கண்டுபிடித்தார். அவர்களுள் ஒருவரான லூயிஸ், இதமான இசையைக் கேட்க வந்த நேயரிடம் ஜாஸின் மேதைகளை அறிமுகப்படுத்தினார். நேயர் ஏற்கெனவே விரும்புவதோடு நிற்காமல், விரும்பக்கூடியதையும் காட்டுவது ஒரு நல்ல தொகுப்பாளரின் வேலை. ராம்சி லூயிஸ் அந்த வேலையை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் செய்தார்.